சோதனைக் கருவிக்கும் ஒரு சோதனை

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

"கண்ணால் காண்பதும் பொய்; காதால் கேட்பதும் பொய்; தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் மொழி. வழக்காடு மன்றத்திற்கும் குடும்பத்திற்கும் சொல்லப்பட்ட இம்மொழி கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு நாங்கள் கற்றுக்கொண்டோம். கற்றதை எம் பள்ளித் தோழியரோடும், வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

கணிப்பொறியில் கோளாறு ஏற்பட்டால், அதனை ஆராய்ந்து சொல்லும் சோதனைக் கருவிகள் அதனுள்ளேயே அமைந்துள்ளன. கருவி என்றதும் திருப்புளி, சுத்தியல் போன்ற பொருளை எண்ண வேண்டா. இவை பெரும்பாலும் மென்பொருள்களே. கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டிய அக்கருவியே "பிழை" என்று அறிவித்து நின்றுவிட்டால் என்ன செய்வது? பலர் அந்த நொடியே இயந்திரம் பாழாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அவ்வாறு முடிவு கட்டுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

இருவகைப் பிழை

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை எடுத்துக்கொள்வோம். அது 102 என்று காட்டினால் குழந்தைக்குக் காய்ச்சல். ஆனால் பாட்டரி தீர்ந்து, எண் ஏதும் காட்டாமல் நின்றால் என்ன பொருள்? குழந்தைக்குக் காய்ச்சல் உண்டு என்றும் பொருளன்று. இல்லை என்றும் பொருளன்று. வெப்பமானியைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதே பொருள்.

கணிப்பொறியின் பிழைச் செய்திகளும் இவ்வாறே இருவகைப்படும். ஒன்று, கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்து, "இன்ன இடத்தில் பழுது" என்று கூறுவது. மற்றொன்று, கருவியால் தன் வேலையைத் தொடங்கவோ முடிக்கவோ இயலாமல், "என்னால் சோதிக்க முடியவில்லை" என்று கூறுவது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற்பாடம். சோதனைக் கருவியும் அதே கணிப்பொறியின் நினைவகத்தையும் வன்தட்டையும் நம்பித்தான் இயங்குகின்றது. நோயாளியின் வீட்டிலேயே, நோயாளியின் கட்டிலிலேயே அமர்ந்திருக்கும் மருத்துவரைப் போன்றது அது. வீட்டில் விளக்கு அணைந்தால் மருத்துவருக்கும் கண் தெரியாது.

விழித்தவுடன் நடக்கும் சோதனை

கணிப்பொறியின் பொத்தானை அழுத்தியவுடன் திரை உடனே ஒளிர்வதில்லை. அச்சிறு இடைவெளியில் இயந்திரம் தன் உறுப்புகளைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்கின்றது. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணிப்பொறியிலேயே இவ்வழக்கம் இருந்தது. எல்லாம் நலமெனில் ஒரு குறுகிய ஒலி எழும். குறை இருப்பின் திரையில் எண் தோன்றும். 201 என்றால் நினைவகத்தில் குறை. 301 என்றால் விசைப்பலகையில் குறை. 1984-இல் வந்த அந்நிறுவனத்தின் மற்றொரு கணிப்பொறியில் 161 என்ற எண் தோன்றினால், உள்ளிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும்.

திரையே வேலை செய்யாதபோது பிழையை எவ்வாறு சொல்வது? அதற்காகத்தான் ஒலிக் குறிகள். எத்தனை ஒலி, எது நெடில், எது குறில் என்பதற்கான பொருள் கணிப்பொறியைச் செய்தவருக்கேற்ப மாறும். ஆகவே அந்தந்த இயந்திரத்தின் கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்ளுதல் வேண்டும். 301 என்ற எண்ணைக் கண்டு விசைப்பலகையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. கம்பி சரியாகச் செருகப்படாமலும் இருக்கலாம். பொத்தானின் மேல் ஒரு புத்தகம் சாய்ந்திருந்தாலும் அவ்வெண் வரலாம்.

நிலவின் அருகில் ஒலித்த எச்சரிக்கை

பிழைக் குறியீட்டின் பொருளை முன்கூட்டியே அறிந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1969 ஜூலை 20 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். திடீரென அவர்களுடைய கலத்தின் கணிப்பொறி 1202 என்ற எண்ணைக் காட்டி எச்சரித்தது. சற்று நேரத்தில் 1201 என்ற எண்ணும் வந்தது. இறங்குவதா, திரும்புவதா? விடை சொல்ல நொடிகளே இருந்தன.

ஹூஸ்டன் நகரக் கட்டுப்பாட்டு நிலையத்தில் ஜாக் கார்மன் என்ற 24 வயதுப் பொறியாளர் இருந்தார். அவரிடம் எச்சரிக்கை எண்கள் யாவற்றையும், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதையும் கையால் எழுதி வைத்த தாள் ஒன்று இருந்தது. அத்தாள் தற்செயலாக வந்ததன்று. அதே மாதத்தில் நடந்த ஓர் ஒத்திகையில் இத்தகைய எச்சரிக்கை ஒன்று வரவே, தேவையின்றிப் பயணத்தைக் கைவிடும் முடிவு எடுக்கப்பட்டது. அதன் பின்னர், எல்லா எச்சரிக்கைகளையும் ஆராய்ந்து எழுதி வைக்குமாறு தலைவர் ஜீன் கிரான்ஸ் கட்டளையிட்டார். அந்தத் தாளைக் கண்ட கார்மன், எச்சரிக்கை இடைவிடாமல் வராதவரை அஞ்ச வேண்டியதில்லை என்று தெரிவித்தார். ஸ்டீவ் பேல்ஸ் என்ற அதிகாரி தொடருமாறு கூறினார். கலம் பத்திரமாக இறங்கியது.

அந்த எண்ணின் பொருள் என்ன? "எனக்கு வேலை மிகுதியாகிவிட்டது, முக்கியமானவற்றை மட்டும் செய்கின்றேன்" என்பதே. ரேடார் ஒன்றிலிருந்து வந்த வேண்டாத மின்துடிப்புகள் கணிப்பொறியின் நேரத்தைத் தின்றுவிட்டன. எனவே அது சில்லறை வேலைகளை ஒதுக்கிவிட்டு, இறங்குவதற்குரிய வேலையை விடாமல் செய்தது. அப்போலோ விண்கலங்களின் மென்பொருளை எழுதிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணி என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 2016-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இன்றைய கருவிகளும் அவற்றின் சொற்களும்

விண்வெளியை விட்டு நம் மேசைக்கு வருவோம். நம்மில் பலர் பயன்படுத்தும் விண்டோஸ் கணிப்பொறியில் 'எஸ்.எஃப்.சி.' என்றொரு சோதனைக் கருவி உண்டு. அமைப்புக் கோப்புகள் பழுதுபட்டுள்ளனவா என்று அது ஒவ்வொன்றாகப் பார்த்து, பழுதானவற்றிற்குப் பதிலாக நல்ல பிரதியை வைக்கும். கறுப்புத் திரையில் 'எஸ்.எஃப்.சி.' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் 'ஸ்கேன்நவ்' என்ற சொல்லும் சேர்த்தால் அது வேலையைத் தொடங்கும். அப்போது வரக்கூடிய சில செய்திகளையும் அவற்றின் பொருளையும் காண்போம்.

முதலாவது, "நீங்கள் நிர்வாகியாக இருக்க வேண்டும்" என்ற செய்தி. இதில் இயந்திரத்தின் குற்றம் ஏதுமில்லை. நிர்வாகி உரிமையோடு அக்கறுப்புத் திரையைத் திறக்கவில்லை என்பதே பொருள். கட்டளைத் திரையின் பெயர் மீது சுட்டெலியின் வலப்பொத்தானை அழுத்தி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தால் போதும். பள்ளியில் ஆசிரியையின் அனுமதியோடுதான் இதனைச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, "முடிக்கப்படாத பழுதுநீக்கம் ஒன்று காத்திருக்கின்றது" என்ற செய்தி. கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிய பின் மீண்டும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, "பழுதுபார்க்கும் சேவையைத் தொடங்க இயலவில்லை" என்பது. இக்கருவிக்குத் துணை நிற்கும் 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்' என்ற சேவை நிறுத்தப்பட்டிருக்கலாம். சேவைகளின் பட்டியலில் அதனைத் தேடிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, "பழுதான கோப்புகள் உள்ளன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்பது. இதுவே பலரையும் அச்சுறுத்துவது. நல்ல பிரதிகளை எடுத்துத் தரும் களஞ்சியமே கெட்டிருந்தாலும் இச்செய்தி வரும். விதைநெல்லே பூச்சி அரித்திருந்தால் நாற்று எவ்வாறு முளைக்கும்? இக்களஞ்சியத்தைச் செப்பனிட 'டிஸ்ம்' என்ற வேறொரு கருவி உண்டு. அது பொதுவாக இணையத்திலிருந்து நல்ல பிரதிகளைப் பெற்று வரும். முதலில் 'டிஸ்ம்', அதன் பின்னரே 'எஸ்.எஃப்.சி.' என்ற வரிசையைப் பின்பற்றுதல் நலம்.

'எம்.எஸ். இன்ஃபோ 32' என்ற மற்றொரு கருவி, கணிப்பொறியின் உறுப்புகள் யாவற்றையும் பட்டியலிட்டுக் காட்டும். சில வேளை அது, "தகவலைத் திரட்ட முடியவில்லை" என்று கூறி வெறுமையாக நிற்கும். உறுப்புகள் காணாமற் போய்விட்டனவா? இல்லை. அத்தகவல்களைத் திரட்டித் தரும் 'விண்டோஸ் மேனேஜ்மெண்ட் இன்ஸ்ட்ருமெண்டேஷன்' என்ற சேவை நின்றிருக்கலாம், அல்லது அதன் பதிவேடு சிதைந்திருக்கலாம். வருகைப் பதிவேடு தொலைந்துவிட்டால் வகுப்பில் மாணவியரே இல்லை என்று ஆகிவிடுமா? சேவையைத் தொடங்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

வன்தட்டைச் சோதிக்கும் 'செக் டிஸ்க்' என்ற கருவி, "இத்தட்டு இப்போது பயன்பாட்டில் உள்ளது, அடுத்த முறை தொடங்கும்போது சோதிக்கட்டுமா?" என்று கேட்கும். இதனையும் பிழை என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. ஓடும் பேருந்தின் சக்கரத்தைக் கழற்ற முடியாதல்லவா? 'ஆம்' என்று விடை கொடுத்துவிட்டு, கணிப்பொறியை நிறுத்தித் தொடங்கினால் போதும்.

எங்கள் ஆய்வகத்தில் கண்டது

இவ்வாண்டு எங்கள் கணிப்பொறி ஆய்வகத்தில் பழைய கணிப்பொறி ஒன்று தொல்லை கொடுத்தது. பிளஸ் டூ அக்காமார்களின் செய்முறைத் தேர்வு நெருங்கிய நேரம் அது. ஒரு கணிப்பொறி குறைந்தாலும் தேர்வு வரிசை நீளும். 'எஸ்.எஃப்.சி.' சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. 'டிஸ்ம்' நல்ல பிரதிகளைப் பெற முடியவில்லை என்று பாதியில் நின்றது. பார்க்க வந்த பழுதுபார்ப்பவர் ஒருவர், மதர்போர்டு போய்விட்டது என்றும் புதிய கணிப்பொறியே வாங்கிவிடலாம் என்றும் கூறிச் சென்றார். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்துதான் அப்பணம் வர வேண்டும்.

ஆய்வகத்தைக் கவனிக்கும் சிஸ்டர் எங்களை அழைத்து, "அது சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் வரிசையாக எழுதுங்கள், பிள்ளைகளே" என்றார். எழுதினோம். அப்பட்டியலில், யாரும் பொருட்படுத்தாத ஒரு குறிப்பும் இடம்பெற்றது: ஒவ்வொரு நாள் காலையிலும் அக்கணிப்பொறியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது. "இவற்றுள் எது மற்றவற்றிற்குக் காரணமாக இருக்கக் கூடும்?" என்று சிஸ்டர் கேட்டார்.

அவர் விளக்கியது இதுதான்: பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றிற்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். கணிப்பொறியின் தேதி தவறானால் அச்சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும், தொடர்பு மறுக்கப்படும். தொடர்பு இல்லையேல் நல்ல பிரதிகள் வந்து சேரா. அவை வராவிடில் களஞ்சியம் செப்பனிடப்படாது, கோப்புகளும் சரியாகா. இத்தனைக்கும் மூலம், மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவப் பாட்டரி ஒன்று! 'சி.ஆர். 2032' என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் விட்டமும் 3 வோல்ட் அழுத்தமும் உடையது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

மின்கம்பியைக் கழற்றிய பின் சிஸ்டரே பாட்டரியை மாற்றினார். தேதி சரிசெய்யப்பட்டது. 'டிஸ்ம்' தன் வேலையை முடித்தது, அடுத்து 'எஸ்.எஃப்.சி.'யும் முடித்தது. மறுநாள் காலை தேதி மாறவில்லை. செய்முறைத் தேர்விற்கு அக்கணிப்பொறியும் உதவியது. பழுதுபார்ப்பவர் யாவரையும் குறை கூற இதனைச் சொல்லவில்லை. மூன்று பிழைகள் இருந்தால் மூன்று நோய்கள் இருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே சொல்கின்றோம். (சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இப்பாட்டரியை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.)

ஒரு பேராசிரியரின் பொறுமை

இதற்கு நேர்மாறாக, இயந்திரமே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 1994-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், பகா எண்களைப் பற்றிய நீண்ட கணக்கொன்றைக் கணிப்பொறியில் செய்துகொண்டிருந்தார். ஜூன் மாதத்தில் விடைகள் ஒத்துவராததைக் கண்டார். உடனே அவர் இயந்திரத்தைப் பழித்துவிடவில்லை. தாம் எழுதிய நிரலில் தவறோ, அதனை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் தவறோ, மதர்போர்டில் தவறோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். அதே கணக்கை வேறு வகைக் கணிப்பொறியில் செய்து ஒப்பிட்டார். அக்டோபரில்தான், பென்டியம் சில்லே வகுத்தல் கணக்கைச் சில எண்களுக்குத் தவறாகச் செய்கின்றது என்று உறுதியாக அறிவித்தார். சில்லினுள் இருந்த அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில், கேட்போருக்கெல்லாம் சில்லை மாற்றித் தருவதாக இன்டெல் நிறுவனம் அறிவித்தது. இதற்காக அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

பேராசிரியரின் சொல் நிலைத்ததற்குக் காரணம், குற்றம் சாட்டுமுன் தம் சோதனையையே சோதித்ததுதான்.

குறையில்லை என்றாலும் கவனம் தேவை

கருவி பிழை சொல்லும்போது எவ்வாறு உடனே நம்பிவிடக் கூடாதோ, அவ்வாறே அது "நலம்" என்று சொல்லும்போதும் முழுதும் நம்பிவிடக் கூடாது. வன்தட்டுகள் தம் நிலையைத் தாமே கண்காணிக்க 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடு உண்டு. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். பழுதான தட்டுகளில் 36 சதவீதத்திற்கும் மேலானவை, வெப்பநிலை நீங்கலாக, எந்த எச்சரிக்கைக் குறியும் காட்டாமலே நின்றுபோயிருந்தன! எச்சரிக்கை வந்தால் உடனே கோப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும். வராவிட்டாலும் மாதந்தோறும் பிரதி எடுத்து வைக்க வேண்டும். குடும்பப் புகைப்படங்களும் சான்றிதழ்களும் ஒருமுறை போனால் திரும்பி வருமா?

நாம் பின்பற்ற வேண்டிய வரிசை

1. பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுதல். 'ஏதோ வந்தது' என்பது பயன்படாது.

2. முக்கியக் கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்தல். தட்டு பழுதென்ற ஐயம் இருப்பின், பிரதி எடுக்குமுன் நீண்ட சோதனை எதனையும் அதன்மீது நடத்தாதிருத்தல்.

3. "பழுது" என்கின்றதா, "சோதிக்க முடியவில்லை" என்கின்றதா என்று பிரித்தறிதல்.

4. எளிய காரணங்களை முதலில் பார்த்தல்: கம்பி, தேதி, இணையத் தொடர்பு, நிர்வாகி உரிமை, ஒருமுறை நிறுத்தித் தொடங்குதல்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். நான்கை ஒருசேர மாற்றினால், எதனால் குணமாயிற்று என்று அறிய வழியில்லை.

6. வேறொரு கருவியைக் கொண்டும் சோதித்து, இரண்டு சாட்சிகளையும் ஒப்பிடுதல்.

7. கண்டதையும் செய்ததையும் நாளிட்டு எழுதி வைத்தல்.

நோயையும் அதன் காரணத்தையும் தேர்ந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்ற அதிகாரத்தில் உரைத்திருக்கின்றார். மனித உடலுக்குச் சொன்ன அந்நெறி இயந்திரத்திற்கும் ஏற்றதாக இருப்பது வியப்பன்று. இரண்டிலும் அவசரம் கெடுதியே செய்யும்.

எங்கள் ஆய்வகத்தில் இப்பொழுது ஒவ்வொரு கணிப்பொறியின் பக்கத்திலும் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று நூலில் கட்டித் தொங்குகின்றது. வந்த பிழை, செய்த சோதனை, கண்ட காரணம் ஆகிய மூன்றையும் அதில் எழுதுகின்றோம். அடுத்த ஆண்டு எங்கள் இடத்தில் அமரப்போகும் தங்கையரே, அந்நோட்டைக் கிழிக்காமல் தொடர்ந்து எழுதி வாருங்கள். திரையில் ஒருநாள் புரியாத எண் ஒன்று தோன்றும். அப்போது உங்களுக்குத் தேவையான விடை, உங்களுக்கு முன் அங்கு அமர்ந்த ஒருத்தியின் கையெழுத்தில் இருக்கக் கூடும்.